குழந்தையின் மூக்கடைப்புக்குச் சளி உறிஞ்சும் குழாய்: வாங்கலாமா?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தெர்மாமீட்டருக்கு அடுத்து கட்டாயம் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், வாயால் உறிஞ்சும் குழாய் வகை நேசல் ஆஸ்பிரேட்டரையும் ஒரு சலைன் (உப்புக் கரைசல்) சொட்டு பாட்டிலையும்தான் சொல்வேன். இது சளியைக் குணப்படுத்தாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் குழந்தைக்கு மூக்கடைப்பு விடாமல் இழுத்துக்கொண்டே போகும்போது டாக்டரிடம் இப்போதே போகணுமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று ராத்திரியில் தவிப்போமே, அந்த நேரத்தில் இதைவிடப் பயன்பட்ட பொருள் எங்கள் வீட்டில் எதுவும் இல்லை.

மூக்குத் துவாரத்தில் வைக்க மெத்தென்ற ஒரு முனை, சளி சேர ஒரு சின்னக் குப்பி, அதற்குமேல் பஞ்சு ஃபில்டர், அங்கிருந்து நீளமான குழாய், கடைசியில் நம் வாயில் வைக்கிற பகுதி. கேட்கும்போது குமட்டத்தான் செய்யும், ஆனால் சளி குப்பியிலேயே நின்றுவிடுகிறது, ஃபில்டர் வரைகூட வருவதில்லை. கையால் அமுக்கிவிட்டு உறிஞ்சவைக்கும் ரப்பர் பல்பு வகையையும் பயன்படுத்திப் பார்த்தோம். அது எவ்வளவு இழுக்கும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை, திறந்து கழுவவும் வழியில்லை, உள்ளே பூஞ்சை பிடித்தாலும் வெளியே தெரியாது. பேட்டரியில் ஓடுவது போடும் சத்தத்துக்கே மகன் மிரண்டு அழுதான், கெட்டிச் சளியையும் அது அசைக்கவில்லை. குழாய் வகையில் வேகம் நம் மூச்சில் இருக்கிறது, பாகம் பாகமாகக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துவிடலாம்.

சலைன் இல்லாமல் இது வேலை செய்யாது. வாங்கும்போது லேபிளைப் படித்து, 0.9 சதவீத உப்புக் கரைசல் மட்டும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஏறக்குறைய அதே மாதிரி பாட்டிலில் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகளும் வரும், அவற்றை டாக்டர் சொல்லாமல் சின்னக் குழந்தைக்குப் போடவே கூடாது. பெரியவர்களே சில நாட்களுக்குமேல் தொடர்ந்து போட்டுவிட்டு நிறுத்தினால் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

குழந்தையைப் படுக்கவைத்து ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, முனையை உள்ளே திணிக்காமல் துவாரத்தின் வாசலில் ஒட்டி வைத்து உறிஞ்சணும். சர்ரென்று சத்தம் வந்து, இவ்வளவு சின்ன மூக்கிலா இத்தனை என்று மலைக்கிற அளவுக்கு நூல் நூலாகச் சளி குப்பிக்குள் இறங்கும். அழுகை நிச்சயம், ஆனால் முடிந்ததும் அடங்கிவிடும். பால் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள், வயிறு நிறைந்தபின் செய்தால் வாந்திதான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்குமேல் வேண்டாம், மூக்கின் உள்தோல் வீங்கி ரத்தம் கசியும்.

இனிதான் முக்கியமானது. சின்னக் குழந்தைகள், அதுவும் முதல் சில மாதங்களில், பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கு அடைத்தாலே முதுகில் கை வைத்தால் கர் கர்ரென்று உணர முடியும், நெஞ்சில்தான் சளி கட்டிவிட்டது என்று நமக்குக் குலை நடுங்கும். மூக்கைச் சுத்தம் செய்த பிறகு அந்தச் சத்தம் குறைந்து, பிள்ளை நிறுத்தி நிறுத்தி இல்லாமல் பால் குடித்து, முகம் பார்த்துச் சிரித்தால், தொல்லை பெரும்பாலும் மூக்கோடுதான் என்று கொஞ்சம் பொறுக்கலாம். மூக்கு திறந்தபிறகும் மூச்சு வாங்கினால் பொறுக்கக் கூடாது. அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழு 60 வினாடி எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்குமேல், 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 தொட்டாலே வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடோ நாக்கோ நீலம் பாய்வது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் குழாயைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். பால் குடிக்க மறுத்து, வழக்கமாக நனைகிற துணி மணிக்கணக்கில் காய்ந்தே கிடந்தாலும் அன்றே காட்டணும்.

இந்த அவசரம் எதுவும் இல்லாமல் சும்மா ஒழுகிக்கொண்டே இருந்தால்? சாதாரண சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தணியத் தொடங்கும், இருமல் அதற்குமேலும் இழுக்கலாம். 10 நாள் தாண்டியும் துளிகூடக் குறையவில்லை, அல்லது குறைந்துவந்து திடீரென்று மறுபடி காய்ச்சலோடு கூடுகிறது, அல்லது 39 டிகிரி காய்ச்சலும் கெட்டிச் சளியும் சேர்ந்து 3 நாள் விடவில்லை என்றால் சைனஸ் தொற்றாக இருக்கலாம், டாக்டர் பார்க்கணும். காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் காட்டுங்கள். சளி பச்சையாகிவிட்டதே என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம், அந்த நிறம் கிருமியோடு போராடும் வெள்ளணுக்களிலிருந்து வருவது, வைரஸ் சளியிலும் வரும். நான் சளி தொடங்கிய தேதியையும் நடுவில் நன்றாக இருந்த நாட்களையும் காலண்டரில் குறித்துவைக்கிறேன், ஏனென்றால் ஒரு மாதமாகச் சளி என்று நாம் நினைப்பது பல சமயம் அடுத்தடுத்து வந்த இரண்டு சளியாக இருக்கும்.

சில விஷயங்களில் இந்தக் குழாய்க்கு வேலையே இல்லை. ஒரு பக்க மூக்கு மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் மணியோ பயறோ உள்ளே போயிருக்கலாம், உறிஞ்சியோ தோண்டியோ எடுக்கப் பார்க்காதீர்கள். பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் சில மணி நேரத்திலேயே அது உள்ளே அரித்துவிடும், உடனே ஓடணும். வாயைத் திறந்தபடி குறட்டைவிட்டுத் தூங்குவது வாரக்கணக்கில் தொடர்ந்தால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையின் வீக்கமா என்று பார்க்கணும். தண்ணீராக ஒழுகி, தும்மலும் கண் அரிப்புமாக இருந்தால் அலர்ஜியைப் பற்றிக் கேளுங்கள்.

எனக்குக் குறை என்று பட்டது இரண்டுதான். பெட்டியோடு வரும் ஃபில்டர்கள் ஒரு நல்ல சளிக்குக்கூடக் காணாது, ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டியது என்பதால் வாங்கும்போதே கூடுதல் பாக்கெட் சேர்த்து வாங்கிவிடுங்கள். அப்புறம், உள்ளே இருக்கும் தாளில் குழாயைக் கழுவுவதற்குப் படத்தோடு ஒரு பக்கம் ஒதுக்கியவர்கள், எப்போது டாக்டரிடம் போகணும் என்று ஒரு வரி போடவில்லை. புதிதாகப் பெற்றோர் ஆனவர்கள் கையில் போகிற பொருளில் அந்த வரி இருந்தே ஆகணும். மூக்கைச் சிந்தத் தெரிந்த பிள்ளைக்கு இது தேவையில்லை, அதுவரைக்கும் வாங்கலாம்.