கொறங்காட்டுக்கு நடுவே மூன்று நாள்: காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு

கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு, காங்கேயத்தில் இருந்து தாராபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்து வீட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். நான், மனைவி, எட்டு வயது மகள். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டோடு 1,400 ரூபாய், குழந்தைக்குப் பாதி. இருப்பது இரண்டே அறை. ஒரு இரவுக்கு மட்டும் கேட்டால் தருவதில்லை. போனில் இதைச் சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் தங்கிப் பார்த்த பிறகு, யார் எவ்வளவு கேட்டாலும் அந்த விதியை அவர்கள் விடக் கூடாது என்றுதான் சொல்வேன்.

போன வருடம் வேறொரு இடத்துக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். பத்து மணிக்கு மாட்டு வண்டி, பத்தரைக்குப் பானை வனைதல், பதினொன்றுக்குப் பல்லாங்குழி என்று சீட்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வண்டி மாடு வெயிலில் காலையில் இருந்து அதே நூறு அடிக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் காய் எல்லாம் கோயமுத்தூர் மார்க்கெட்டில் இருந்து வேனில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். அதைக் கிராமம் என்று என் மகளுக்குக் காட்டியதில் எனக்கு இன்னும் வருத்தம்.

இங்கே சீட்டு எதுவும் இல்லை. பதினொரு மணிக்குப் போய் இறங்கினோம், மகள் அடுத்து என்ன என்று கேட்டாள். வீட்டு ஆத்தாவுக்கு எழுபது வயதிருக்கும். "ஒண்ணுமில்ல கண்ணு, மாடு திரும்பற வரைக்கும் ஆசாரத்துல உக்காந்துக்க" என்று சொல்லிவிட்டு மொச்சை உரிக்கப் போய்விட்டார். ஆசாரம் என்றால் வீட்டின் முன்கூடம். அரை மணி நேரத்தில் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கக் கை சும்மா இருக்கவில்லை, போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். முதல் நாள் உடம்புதான் அங்கே வந்து சேர்கிறது. ஒரே இரவில் கிளம்பியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலை வீட்டுப் பெரியவரோடு இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் வேலி நிற்கும் வண்டித்தடத்தில், நடந்து கொறங்காட்டுக்குப் போனோம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது மழையை மட்டும் நம்பி இருக்கும் சொந்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். வேலி அடர்ந்து நிற்பதால் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காட்டில் புல் இறங்கியதும் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள், மேய்ந்த காடு அதற்குள் துளிர்த்துவிடும். கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் தின்று மாடும் ஆடும் தாக்குப்பிடிக்கும். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் உருவான மாடு. கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து, ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பதை நானே அங்கேதான் தெரிந்துகொண்டேன். பாதி மாறிய ஒரு கன்றைத் தடவிக்கொண்டே மகள் ஒரு மணி நேரம் நின்றாள்.

வேலி ஒரு இடத்தில் விழுந்திருந்தது. மழை ஈரத்தில் கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கும் கிளை) வெட்டி நட்டுக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேர். "வேலி போச்சுன்னா காடு போச்சுங்க தம்பி. ஆள் கூலி குடுத்து மாளல, நீங்க வந்து தங்கற காசு இதுக்குத்தானுங்க போகுது" என்றார் பெரியவர். எனக்கு இந்த இடம் பிடித்ததற்குக் காரணம் இதுதான். நாம் கொடுக்கும் பணம் நீச்சல் குளத்துக்குப் போகவில்லை, வேலிக்குப் போகிறது. சுற்றிலும் எத்தனையோ கொறங்காடுகள் தேங்காய்க் களமாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்ட பூமியில் அது சின்ன விஷயம் இல்லை.

மெதுவான வாழ்க்கை, மெதுவான பயணம் என்று இன்றைக்கு எல்லோரும் பேசுவதன் ஒரு தொடக்கம் இத்தாலியில் இருக்கிறது. 1986-ல் ரோம் நகரத்தின் நடுவில் மெக்டொனால்ட்ஸ் கடை வருவதை எதிர்த்துக் கார்லோ பெட்ரினியும் கூட்டாளிகளும் கிளம்பினார்கள், அதில் இருந்து ஸ்லோ ஃபுட் இயக்கம் வளர்ந்தது. 1999-ல் சிட்டாஸ்லோ என்று ஊர்களுக்கே ஒரு கூட்டமைப்பு வந்தது, 50,000 பேருக்குக் குறைவாக வாழும் ஊர்தான் அதில் சேர முடியும். அவர்களும் உள்ளூர்ச் சாப்பாட்டை, அதை விளைவிக்கிறவனை, அவன் நிலத்தைக் காப்பாற்றத்தான் மெதுவாகப் போகச் சொன்னார்கள். சும்மா படுத்து ஓய்வெடுக்க இல்லை. இங்கே உள்ளூரில் அதைச் செய்கிறவர்களிடம் ஒரு பலகைகூடக் கிடையாது.

சாப்பாடு. ராத்திரி அரிசியும்பருப்புச் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள எருமைத் தயிர். மதியம் கொள்ளுப் பருப்பும், மசாலாச் சாமான் அரைத்து வைக்கும் செலவு ரசமும். காலையில் சந்தகை: ஊறவைத்து ஆட்டிய மாவை இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும், ஆறினால் இறங்காது. இரண்டு பேர் இல்லாமல் ஆகாத வேலை, நானும் மனைவியும் சேர்ந்து பிழிந்தோம். தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட்டபோது மணி பத்து. பசி என்றால் என்ன என்று உடம்புக்கு ஞாபகம் வந்தது.

குறைகளும் உண்டு. குளியலறை பொடக்காளியில், அதாவது புழக்கடையில், தனியாக இருக்கிறது, ராத்திரி டார்ச் இல்லாமல் போக முடியாது, வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணி விறகடுப்பில் காயும் வரை காத்திருக்க வேண்டும். சிக்னல் கிணற்று மேட்டில் மட்டும். இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ஆனால் குடிக்கத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கி அடுக்கி வைத்திருந்தது மனசுக்கு ஒப்பவில்லை. கட்டிலில் மில் துணிப் போர்வை. சென்னிமலைத் தறிப் போர்வையும் பவானி ஜமுக்காளமும் இத்தனை பக்கத்தில் கிடைக்கும்போது அதையே விரிக்கலாம், அந்தக் காசும் நம்ம பக்கத்திலேயே சுற்றும். கிளம்பும்போது ஆத்தாவிடம் இரண்டையும் சொன்னேன். பாட்டிலை வந்தவர்கள் கேட்டுத்தான் வாங்கியதாகவும், அடுத்த முறை மண்பானை வைப்பதாகவும் சொன்னார்.

புல் பச்சையாகப் பார்க்க வேண்டும் என்றால் ஐப்பசியில் இருந்து தை வரை. சித்திரையில் போனால் வெயில் வாட்டும், ஆனால் கண்ணபுரம் மாட்டுச் சந்தை அப்போதுதான். இரண்டே அறை என்பதால் அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரும் நம்பரும் இங்கே போடவில்லை. உண்மையிலேயே இரண்டு இரவு தங்குகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், தருகிறேன்.