மயில் தெளிவு, கையொப்பம் மங்கல்: யூதக் கலியாண உறுதியின் அச்சுப்பிரதி

நொத்தாரிசு கந்தோரில் சீதன உறுதி எழுதியே தலை நரைத்தவன் நான். அது தெரிந்துதான் ரொறன்ரோவிலிருக்கும் பெறாமகன் இதை வாங்கி அனுப்பினான். இத்தாலிய யூதர்களின் பழைய கெதுபா ஒன்றின் பிரதி. கெதுபா என்பது அவர்களுடைய கலியாண உறுதி.

தாள் நல்ல தடிப்பு. குழாயில் சுருட்டி வந்தும் மடிப்பு விழவில்லை. பொன் பூச்சு என்று விளம்பரம் செய்தது வெறும் மஞ்சள் மை. மற்ற வர்ணங்களில் குறையில்லை. உச்சியில் எருசலேம் நகரம்: எந்தச் சந்தோசத்திலும் அதை மறக்கக்கூடாதாம். இரு தூண்கள் தாங்கும் வளைவு, புது வாழ்வுக்குள் நுழையும் வாசல். ஓரத்தில் பன்னிரண்டு இராசிகளும் நல்ல பலன் வேண்டி. மீனத்தின் செதிலைக்கூட எண்ணலாம். பொருத்தம் பார்க்காமல் பொன்னுருக்காத எங்கள் ஊருக்கு இதையெல்லாம் விளக்கவா வேண்டும்?

என் கண் போனது நடுவிலுள்ள எழுத்துக்குத்தான். அரமேய மொழி, கூட வந்த ஆங்கில விளக்கத்தை வைத்து வாசித்தேன். எங்கள் சீதன உறுதியில் பெண் வீட்டார் கொடுப்பதை எழுதுவோம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் சீதனத்தை விரிவாகப் பேசும். இதிலோ மாப்பிள்ளைதான் கடன்பட்டவன். சோறு, உடுப்பு தரவேண்டும். விலக்கினாலும் செத்தாலும் அவன் சொத்திலிருந்து அவளுக்கு 200 சூஸ், அதாவது அந்தக்கால வெள்ளிக்காசு. முன்பே கலியாணமானவள் என்றால் 100. பெண் கொண்டுவரும் சீதனமும் அதிலேயே பதிவாகும். எங்கள் உறுதி போலவே இரண்டு சாட்சிகள். பிறகு யாரும் ஒரு சொல்லை நுழைக்க முடியாதபடி எழுத்தை இழுத்து வரியை நிரப்பியிருக்கிறார்கள். எழுதியவன் கெட்டிக்காரன்.

அப்படிப்பட்ட பத்திரத்தில், சாட்சிகளின் கையொப்பம் அழிந்த மைபோல மங்கலாக விழுந்திருக்கிறது. மயிலுக்கும் பூவுக்கும் பட்ட கவனம் அங்கே படவில்லை. கையொப்பம் தெரியாத உறுதி எந்தக் கோட்டில் செல்லும்?

கஸ்தூரியார் வீதியில் பிரேம் போடக் கொடுத்தேன். தாளின் அடி கூராக முடிவதைப் பார்த்த கடைத்தம்பி, “ஐயா, நேராய் வெட்டிவிடவோ?” என்றான். தோலில் எழுதிய மூலத்தின் வெட்டு அது, விடவில்லை. பின்னால் வெள்ளை அட்டை வைத்து வடிவாகச் செய்து தந்தான்.

சுவருக்கு வாங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம். எழுத்தையும் பார்க்க விரும்புபவர்கள், கையொப்பப் பகுதியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.