கார்டுக்கா, கதைக்கா? டெல்லி வெயிலில் போட்ட கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீடியோ விளையாட்டுக்குச் செலவிடும் காசு காட்சி அழகுக்குப் போகவேண்டுமா, நல்ல கதைக்குப் போகவேண்டுமா என்ற சண்டையில் நான் கதைக் கட்சி. அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எதிர்க்கட்சி என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆர்.கே. புரத்தில் நானும் தம்பியும் ஒரே வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் அவன் டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸுக்குப் போய், திரையில் காட்சிகளை வரைந்துகாட்டும் புதிய கிராபிக்ஸ் கார்டும் அதைத் தாங்கும் கணினியும் வாங்கிவந்தான். நான் என் பழைய லேப்டாப்பையே வைத்துக்கொண்டு, அதில் ஓடக்கூடிய, நல்ல கதை உள்ள விளையாட்டுகளாகப் பார்த்து வாங்கினேன். அவனுடைய இயந்திரத்தில் நான் நிறையவே விளையாடியிருக்கிறேன். என்னுடையதை அவன் தொட்டதுகூட இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். காட்சியும் கதையும் இல்லாமலே ஒரு விளையாட்டு பிரமாதமாக இருக்க முடியும். 1984இல் பிறந்த டெட்ரிஸ் அப்படித்தான். 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற மைன்கிராஃப்ட், கட்டம் கட்டமான உலகத்தை வைத்துக்கொண்டே இத்தனை தூரம் வந்திருக்கிறது. ஆட்டமே சரியில்லை என்றால் காட்சியும் காப்பாற்றாது, கதையும் காப்பாற்றாது. ஆகவே ஆட்டம் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் நம் காசு எதற்குப் போகவேண்டும் என்பதைத்தான் பேசவேண்டும்.

கிராபிக்ஸ் கட்சிக்கு வலுவான சாட்சி ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. 2018இல் கன்சோலுக்கும் (டிவியில் இணைத்து ஆடும் பெட்டி) அடுத்த ஆண்டு கணினிக்கும் வந்தது. தொடக்கத்தில் வரும் பனிமலையில் குதிரை நடந்தால் பனி விலகித் தடம் விழும். பின்னால் வருபவனின் குதிரை அந்தத் தடத்திலேயே வரும். ஜூன் மாத டெல்லியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது தனிச் சுகம், மறுக்கவில்லை. கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் வழிகாட்ட அம்புக்குறி கிடையாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் போகவேண்டும். புல் சாய்வதைப் பார்த்துத்தான் பாதை தெரியும். அந்த விளையாட்டில் கிராபிக்ஸ் வெறும் அலங்காரம் இல்லை, வழியே அதுதான். இவ்வளவும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் காட்சி அழகுக்கும் கார்டின் வலிமைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகத் தம்பியைப் போன்றவர்கள் நம்புகிறார்கள். அதுதான் எனக்குப் புரியவில்லை. நின்டெண்டோ 2002இல் வெளியிட்ட விண்ட் வேக்கரில் எல்லாமே கார்ட்டூன் பாணி. சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அன்றைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இன்று எடுத்துப் பாருங்கள், கண்ணை உறுத்தவே உறுத்தாது. அதே ஆண்டுகளில் ‘நிஜம்போல’ என்று விளம்பரம் செய்யப்பட்ட விளையாட்டுகளில் மனித முகங்களைப் பார்க்கச் சிரிப்புதான் வருகிறது. 2018இல் வந்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் இரண்டே நிறங்களில், புள்ளிகளால் வரைந்த உலகம். ஒரு கப்பலில் இருந்த 60 பேரின் கதி என்ன என்று நாமே துப்புத் துலக்கவேண்டும். அந்தக் கப்பலைவிட அழகான இடத்தைத் தம்பியின் திரையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

கதை என்று நான் பேச்செடுத்தால் அவனிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. “அண்ணா, கதைதான் வேண்டுமென்றால் லோதி சாலையில் நூலகம் இருக்கிறது, போய்ப் படியுங்கள்.” கேலிதான் என்றாலும் நியாயமான கேள்வி. புத்தகம் தராத எதை விளையாட்டின் கதை தருகிறது?

2013இல் வந்த பேப்பர்ஸ், ப்ளீஸ் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வாதிகார நாடொன்றின் எல்லைச் சாவடியில் நீங்கள் கடவுச்சீட்டு சரிபார்க்கும் குமாஸ்தா. கணவனுக்குச் சரியான தாள்கள் இருக்கின்றன, அவனை அனுப்பிவிடுகிறீர்கள். பின்னால் வரும் மனைவியிடம் ஒரு தாள் குறைகிறது. அனுப்பினால் எச்சரிக்கைச் சீட்டு வரும். எச்சரிக்கைகள் சேர்ந்தால் அபராதம். அபராதம் கட்டினால் அன்றிரவு வீட்டில் மருந்துக்கோ கணப்புக்கோ காசு போதாது. புத்தகத்தில் இதைப் படித்தால் அந்தக் குமாஸ்தாவைத் திட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். இங்கே முத்திரை நம் கையில் இருக்கிறது. இதற்குத் தேவைப்பட்ட கிராபிக்ஸ், சாம்பல் நிறப் பின்னணியும் கரடுமுரடான சில முகங்களும் மட்டுமே.

டிஸ்கோ எலிசியம் இன்னொரு ரகம். 2019இன் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த கதைக்கான விருது உட்பட நான்கு விருதுகளை வாங்கியது. நினைவிழந்து விடுதி அறையில் கண்விழிக்கும் துப்பறிவாளர்தான் நாயகன். அவருடைய தர்க்கம், பயம், அகங்காரம் எல்லாம் தலைக்குள் தனித்தனிக் குரல்களாகப் பேசுகின்றன; மொத்தம் 24 குரல்கள். எந்தக் குரலை வளர்க்கிறோமோ அதற்கேற்பக் கதை நம் கண்ணுக்குப் படுகிறது. கழுத்துப்பட்டைகூடப் பேசும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் லேப்டாப் இதைச் சுமந்தது. காற்றாடி கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான்.

தமிழர்களாகிய நமக்கு வெண்பா இருக்கிறது. டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்தது. மறு ஆண்டே அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து நாம் சமைக்கவேண்டும். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே ஒரு புதிர். ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியுமாக இருப்பதை நாள்தோறும் பார்க்கும் எனக்கு, கவின் அன்னியமாகத் தெரியவில்லை. இதைத் தம்பியின் ராட்சதக் கார்டில் ஓட்டினாலும் இட்லி கூடுதலாக வேகப்போவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கைத் தீர்த்தது ரசனை அல்ல, பராமரிப்பு.

கார்டின் விலையை எல்லோரும் பார்க்கிறார்கள். அது தின்னும் மின்சாரத்தை யாரும் பார்ப்பதில்லை. என்விடியா நிறுவனம் 2016இல் கொண்டுவந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டுக்கு 120 வாட் போதும். 2020இன் ஆர்டிஎக்ஸ் 3080 கேட்பது 320 வாட். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கேட்பது 575 வாட். தம்பி வாங்கியது இந்த உச்சத்தில் உள்ளது அல்ல, நடுத்தரம்தான். ஆனாலும் தின்ற வாட் அனைத்தும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் இறங்குகிறது. கார்டின் காற்றாடி அறைக் காற்றை இழுத்துத்தான் கார்டைக் குளிர்விக்கும்; அந்தக் காற்றே கொதித்தால் அது என்ன செய்யும்? ஒரு அளவுக்கு மேல் சூடானால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வெளியே 45 டிகிரி அடிக்கும் மே மாதத்தில், காசு கொடுத்து வாங்கிய வேகம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் ஏசி ஓடவேண்டும். வீட்டுக்காரர் விட்டுவைத்த டெசர்ட் கூலர் ஒன்று இருக்கிறது. அது ஈரக் காற்றை வீசும் என்பதால் கணினி உள்ள அறையில் அதை ஓடவிட அவனுக்கு மனம் வரவில்லை. ஆக அவன் அறையில் ஏசி, என் அறையில் கூலர். மின்கட்டணத்தில் பாதி மட்டும் எனக்கு.

அடுத்தது தூசி. கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து கிளம்பிவரும் புழுதிக் காற்றை இங்கே ஆந்தி என்பார்கள். ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் மேசைமேல் மெல்லிய படலம் படிந்துவிடும். கணினிப் பெட்டிக்குள் அது வெப்பம் கடத்தும் தகடுகளின் இடுக்கில் போய் அடையும். பெட்டியைத் திறந்து ஊதித் துடைக்கவேண்டும், சல்லடைகளைக் கழுவவேண்டும், எப்போதாவது சிப்புக்கு மேலே தடவியிருக்கும் பசையையும் மாற்றவேண்டும். மின்சாரம் போய்வருவதற்கு யுபிஎஸ் தனி. விளையாட்டுகளைச் சேமிக்கும் இடமும் தனிச் செலவு: ரெட் டெட் 2 மட்டுமே ஏறத்தாழ 150 ஜிபி கேட்கிறது.

இவ்வளவு சீராட்டினாலும் கார்டு கிழடாகத்தான் போகிறது. 2017இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அன்று வீட்டுக் கணினிக்குக் கிடைத்த மிக வலிமையான கார்டுகளில் ஒன்று. ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங் வசதியைக் கட்டாயமாக்கிய இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு 2024 டிசம்பரில் வந்தபோது, அந்தக் கார்டு தகுதிப் பட்டியலிலேயே இல்லை. கார்டு பழுதாகவில்லை, வாசலில் நின்றவர்கள் விதியை மாற்றிவிட்டார்கள்.

விற்கப் போனாலும் சுகமில்லை. எதீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கார்டுகளின் கணக்கிடும் சக்தியால் தோண்டி எடுக்கும் ‘மைனிங்’ முறை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு, இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகள் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்தன. பழைய கார்டு என்றாலே அப்படிக் களைத்ததோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. தம்பி தன் பழைய 1060ஐ நேரு பிளேஸில் நீட்டியபோது, கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் கேட்ட கேள்வி, “மைனிங்கில் ஓடியதா?” என்பதுதான்.

கதைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 1999இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட், மெருகேற்றிய பதிப்பாக என் லேப்டாப்பில் சிரமமின்றி ஓடுகிறது, அதில் உள்ள ஒரு வரிகூட வயதாகவில்லை. இதற்கு நல்ல சான்று தி லாஸ்ட் ஆஃப் அஸ். 2013இல் சோனியின் பிஎஸ்3 கன்சோலில் வந்தது, 2014இல் பிஎஸ்4க்கு மெருகேற்றினார்கள், 2022இல் பிஎஸ்5க்காகப் புதிதாகவே வரைந்தார்கள். மறுபடி மறுபடி வெள்ளையடித்தார்களே தவிர வீட்டின் வரைபடத்தைத் தொடவில்லை. அதன் முக்கியப் பாத்திரங்களான ஜோயலும் எல்லியும் பேசிய வசனம் முதல் நாளிலேயே சரியாக இருந்தது. அதே விளையாட்டு 2023 மார்ச்சில் கணினிக்கு வந்தபோது 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டுகள் திணறின என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகுதான் திருத்தம் செய்து சரியாக்கினார்கள்.

கதைப் பக்கத்தின் குறைகளையும் சொல்லவேண்டும். ஒருமுறை முடித்த கதையை மறுபடி விளையாட எனக்கே பெரும்பாலும் தோன்றுவதில்லை. முடிவை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பணம் போச்சு. டிஸ்கோ எலிசியத்தில் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் இருக்கின்றன, அதுவும் கரடான ஆங்கிலத்தில்; குருகிராமிலிருந்து மெட்ரோவில் நசுங்கி வீடு சேர்ந்த இரவுகளில் நான் அதன் உரையாடலுக்கு நடுவிலேயே தூங்கியிருக்கிறேன். கதை என்ற பெயரில் நீண்ட காணொளிகளை ஓட்டி, நம்மைக் கைகட்டி உட்காரவைக்கும் விளையாட்டுகளும் ஏராளம். அவற்றுக்கு என் வாக்கு கிடையாது.

என் அனுபவம் மெலிந்த இடங்களும் உண்டு. இணையத்தில் பிறரோடு மோதும் சுடும் விளையாட்டுகளை நான் அதிகம் ஆடியதில்லை. அங்கே படம் தடையின்றி ஓடுவதே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் என்று தம்பி சொல்கிறான், நம்புகிறேன். விளையாட்டின் உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் விஆர் கண்ணாடியை ஒரு வணிக வளாகத்தில் சில நிமிடங்கள் போட்டுப் பார்த்ததோடு சரி. கார், விமானம் ஓட்டும் விளையாட்டுகளில் கதைக்கு வேலையே இல்லை. மேலே போட்ட பராமரிப்புக் கணக்கும் கணினிக்குத்தான் முழுதாகப் பொருந்தும். கன்சோல் வாங்குகிறவர்களுக்குப் பல ஆண்டுகள் ஒரே பெட்டி போதும். வட்டு போடும் வசதி உள்ள கன்சோல் என்றால், கதையை முடித்துவிட்டு வட்டைப் பாலிகா பஜாரில் கொடுத்து வேறொன்று மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் வாங்கிச் சேர்த்த என் விளையாட்டுகளை அப்படி ஒரு பைசாவுக்கும் விற்க முடியாது. இந்த இடத்தில் தம்பியின் கிழட்டுக் கார்டுகூட என்னை முந்திவிடுகிறது.

இதற்குப் பிறகும் என்னைப்போல் கணினியில் தனியாக விளையாடுகிறவர், கையில் அளவான பணம் வைத்திருப்பவர் கேட்டால், இருக்கும் இயந்திரத்தில் ஓடும் கதைகளை முதலில் தீருங்கள் என்றுதான் சொல்வேன். விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எழுத்து நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த அவகாசம் போதும். இல்லை, கார்டுதான் வேண்டும், அதுவும் பழைய கார்டு போதும் என்பவர்கள் நேரு பிளேஸ் கடையிலேயே அதை அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மே மாதத்தில் போவது உத்தமம். டிசம்பர் குளிரில் எந்தக் கார்டும் ஒழுங்காகத்தான் ஓடும்.