நமக்கு நாமே கண்டக்டர்: ஆம்ஸ்டர்டாமில் பத்து நாள் பயணம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். காலையில் யூரோ என்ன விலை என்று பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போகிற ஊர் எங்களுடையது. ஆனாலும் அந்த யூரோவைக் கையில் வைத்துச் செலவழிக்கும் வாய்ப்பு இந்த முறைதான் எனக்குக் கிடைத்தது. சாம்பிள் பெட்டியோடு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனவன், அதை அடுத்துள்ள ஆம்ஸ்டல்வேனில் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கி, ஒருமுறைகூட டாக்சியில் ஏறாமல் ரயில், மெட்ரோ, டிராம், பஸ், படகு என்று ஐந்திலும் சுற்றி வந்தேன். வேலையாகப் போகிறவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்களுக்கும் உதவும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

விமானத்தைவிட்டு இறங்கியதும் ரயில் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்கிபோல் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு கீழே இறங்கினால் பிளாட்பாரம். நகரின் மத்திய நிலையத்துக்குக் கால் மணி நேரம், தெற்கில் உள்ள ஸைட் நிலையத்துக்கு ஏழெட்டு நிமிடம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சளும் நீலமுமான இந்த ரயில்களை ஓட்டுவது என்.எஸ். என்னும் நிறுவனம், நகருக்குள் மெட்ரோ, டிராம், பஸ், படகு ஆகியவற்றை இயக்குவது ஜி.வி.பி. என்னும் நிறுவனம். ஜி.வி.பி.யின் நாள் சீட்டை வைத்துக்கொண்டு என்.எஸ். ரயிலில் ஏறினால் அது செல்லாது. ரயிலிலிருந்து இறங்கி அதே வளாகத்தில் மெட்ரோவுக்கு மாறினாலும், ஒரு நிறுவனத்தின் கணக்கை முடித்துவிட்டுத்தான் இன்னொன்றின் கணக்கைத் தொடங்க வேண்டும்.

கணக்கைத் தொடங்குவது எளிது. 2023 முதல் நெதர்லாந்து முழுவதும் வங்கி அட்டையையே சீட்டாகப் பயன்படுத்தலாம். கருவிக்கு அருகே அட்டையையோ போனையோ காட்டினால் பச்சை விளக்கு எரிந்து, ‘இனிய பயணம்’ என்று டச்சு மொழியில் எழுத்து வரும். இறங்கும்போது மறுபடியும் காட்டினால் ‘மீண்டும் சந்திப்போம்’ என்று வரும். இந்த இரண்டாவது காட்டலில்தான் நம் ஊர்க்காரர்கள் அனைவரும் வழுக்குவோம், ஏனென்றால் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்கென்று ஒரு காரியம் செய்து நமக்குப் பழக்கமே இல்லை. கோவை காந்திபுரத்தில் ஏறினால் கண்டக்டர் வருவார், ‘எங்கீங்க போகோணும்?’ என்று கேட்பார், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், நிறுத்தம் வந்தால் விசில் அடிப்பார். நாம் செய்ய வேண்டியது படியில் கால் வைப்பது ஒன்றுதான். அங்கே அந்த வேலைகளில் பாதி பயணியின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது.

நான் வழுக்கியது வேறு மாதிரி. இரண்டாம் நாள் காலையில் டிராமில் ஏறும்போது போனைக் காட்டினேன். இறங்கும்போது போன் கையில் இல்லை, சட்டைப்பையில் கிடந்த அட்டையைக் காட்டினேன். இரண்டும் ஒரே வங்கிக் கணக்குதானே என்பது என் எண்ணம். கருவிக்கு அவை இரண்டு பயணிகள். போனில் ஏறியவர் இறங்கவே இல்லை. அட்டைக்காரர் நான் இறங்கிய இடத்தில் ஏறியிருக்கிறார். கணக்கை முடிக்காத பயணத்துக்கு டிராமிலும் மெட்ரோவிலும் 4 யூரோ பிடித்துக்கொள்வார்கள் என்பதால், இல்லாத இரண்டு பேருக்குமாக 8 யூரோ போனது. இதுவே ரயிலாக இருந்தால் ஆளுக்கு 20 யூரோ. மாலையில் வங்கிச் செய்தியைப் பார்த்து நான் முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது பன்னிரண்டு வயதுத் தங்கை மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “போனுல ஏறுனா போனுலதானுங்க மாமா இறங்கோணும். வாட்ச்சுல ஏறுனா வாட்ச்சுல.” பிறகு, இந்த அட்டைக் கட்டண முறையை நடத்தும் ஓ.வி.பே. இணையதளத்தில் விடுபட்ட பயணத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்ததும் அவள்தான். கேட்டவுடன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

இறங்கும்போது எதற்குக் காட்ட வேண்டும் என்றால், கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ஏறியதற்கு ஒரு யூரோவுக்குச் சற்று மேல் அடிப்படைத் தொகை. அதன்மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 20 சென்ட். நம் டவுன் பஸ்ஸின் ‘ஸ்டேஜ்’ கணக்கே அதுவும். ஸ்டேஜுக்குப் பதில் மீட்டரை வைத்து அளக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, ஒன்றிலிருந்து இறங்கி 35 நிமிடத்துக்குள் இன்னொன்றில் ஏறினால் அடிப்படைத் தொகையை மறுபடி கேட்பதில்லை என்பது. பெருந்துறையிலிருந்து கோவைக்கு வந்து, காந்திபுரத்தில் மாறி, உக்கடத்தில் மறுபடி மாறி, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சக் கட்டணம் கொடுத்த எவருக்கும் இதன் அருமை தெரியும். சீட்டு எடுப்பதானால் ஒரு மணி நேரச் சீட்டு 3 யூரோவுக்கு மேல் ஆகிறது. ஓரிரு நிறுத்தம் போகிறவருக்கு அது நட்டம். ஜி.வி.பி.யின் நாள் சீட்டு ஒன்றிலிருந்து ஏழு நாள் வரை கிடைக்கிறது. அதை நள்ளிரவுக் கணக்கில் அல்லாமல், முதன்முதலில் காட்டிய நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கில் எண்ணுகிறார்கள். மதியம் மூன்று மணிக்கு எடுத்தவர் மறுநாள் மதியம் வரை சுற்றலாம்.

வாகனங்களில் என் மதிப்பெண் முதலில் 52ஆம் எண் மெட்ரோவுக்கு. ஆம்ஸ்டல்வேனிலிருந்து 25ஆம் எண் டிராமில் ஸைட் வரை வந்து, அங்கே இதைப் பிடித்தால் பத்து நிமிடத்துக்குள் மத்திய நிலையம். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை 9.7 கிலோமீட்டர், எட்டே நிலையங்கள். கேட்க எளிதாக இருக்கும் இந்தப் பாதையை 2003-இல் தோண்டத் தொடங்கி 2018 ஜூலையில்தான் திறந்தார்கள். செலவு 300 கோடி யூரோவைத் தாண்டியது. காரணம் மண். ஆம்ஸ்டர்டாம் சேற்றின்மேல் மரக்கழிகளை அடித்து நிறுத்திய ஊர். 1889-இல் திறந்த மத்திய நிலையம் மட்டுமே 8,687 மரத்தூண்களின்மேல் நிற்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் பள்ளம் எடுத்தபோது, 2008-இல் ஃபைசல்கிராக்ட் தெருவில் பழைய வீடுகள் சில கீழே இறங்கிவிட்டன. கிணறு தோண்டினால் பாறையில் வெடி வைக்க வேண்டிய நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை புதுமையாக இருக்கும்.

அதற்கு முந்தைய கதையும் உண்டு. 1977-இல் திறந்த முதல் மெட்ரோவுக்காக நியூமார்க்ட் பகுதியில் வீடுகளை இடித்தபோது, 1975-இல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், கலவரமே மூண்டது. அதன்பின் பல ஆண்டுகளுக்குப் புதிய சுரங்கப் பாதை என்ற பேச்சை எடுக்கவே நகர நிர்வாகம் தயங்கியது. ஆனால் அந்த நியூமார்க்ட் நிலையத்துச் சுவர்களிலேயே அந்தப் போராட்டத்தின் நினைவைக் கலைப்படைப்புகளாக வைத்திருக்கிறார்கள். தன்னை எதிர்த்தவர்களுக்குத் தன் சுவரிலேயே இடம் கொடுக்கும் போக்குவரத்து நிறுவனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

52ஆம் எண் பாதையில் அவசரம் இல்லாதவர்கள் ரோக்கின் நிலையத்தில் கட்டாயம் இறங்கிப் பார்க்க வேண்டும். அவ்விடத்தில் ஆம்ஸ்டல் ஆற்றின் பழைய படுகையைத் தோண்டியபோது கிடைத்த பொருள்கள் சுமார் 7 லட்சம். அவற்றில் பல ஆயிரத்தை, ஏறும் நகர்படிக்கும் இறங்கும் நகர்படிக்கும் நடுவே கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். சாவிகள், சீப்புகள், நாணயங்கள், உடைந்த சட்டிகள். நகர்படி தானாக நகர்வதால் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் கடந்துபோய்விடுகிறது. நான் மூன்று முறை மேலும் கீழும் போய் வந்தேன். டெ பைப் நிலையத்தில் இன்னொரு வேடிக்கை. மேலே தெரு மிகவும் குறுகல் என்பதால், வட திசை வண்டிக்கும் தென் திசை வண்டிக்கும் பிளாட்பாரங்களை அருகருகே வைக்காமல் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

டிராமைப் பற்றிச் சொன்னால் லைட்சஸ்ட்ராட் தெருவைச் சொல்ல வேண்டும். கடைகள் நெருங்கிய அந்தச் சந்தில் இரட்டைத் தண்டவாளத்துக்கு இடமில்லை. எனவே ஒற்றைத் தண்டவாளம் போட்டு, கால்வாய்ப் பாலங்களின்மேல் மட்டும் அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். எதிரே ஒரு டிராம் வந்தால் இது பாலத்தின்மேல் ஒதுங்கி நின்று வழி விடுகிறது. வால்பாறைக்கு ஏறும் பஸ்கள் கொண்டை ஊசி வளைவில் நின்று இறங்கும் வண்டிக்கு வழி விடுவது நினைவுக்கு வந்தது, ஆனால் இங்கே ஹாரன் இல்லை, மெல்லிய மணியோசை மட்டும். அந்தச் சில விநாடிகளில் சன்னல் வழியே கால்வாயைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கென்று படகுச் சுற்றுலாவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.

பணமே இல்லாத படகும் உண்டு. மத்திய நிலையத்தின் பின்வாசலில் ‘ஐ’ என்னும் அகன்ற நீர்ப்பரப்பு. அதைக் கடக்கும் படகுகளுக்குக் கட்டணம் கிடையாது, அட்டையையும் காட்ட வேண்டாம். பூலாம்பட்டிக்கும் நெருஞ்சிப்பேட்டைக்கும் இடையே காவிரியில் விசைப்படகு ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. அங்கே மோட்டார் சைக்கிள், இங்கே சைக்கிள், அவ்வளவுதான் வேறுபாடு. நம் ஊர்ச் சாதாரண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் படகில் யாருக்கும் இல்லை, வெளியூர்க்காரருக்கும் இல்லை. எதிர்க்கரைக்குப் போகும் குறுகிய பயணம் ஐந்து நிமிடம். அது இரவும் பகலும் ஓடுகிறது. பழைய கப்பல் கட்டும் தளமான என்.டி.எஸ்.எம். வரை போகும் படகு கால் மணி நேரம் எடுக்கிறது. மாலையில் அதில் போவது நல்லது. காற்று மட்டும் எலும்பைத் தொடும்.

குறைகள் இல்லாமலில்லை. டிராமிலும் பஸ்ஸிலும் ரொக்கப் பணம் செல்லாது. கையில் நூறு யூரோ இருந்தும் அட்டை இல்லையென்றால் நிறுத்தத்திலேயே நிற்க வேண்டும். நம் ஊர் வங்கி அட்டைகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக் கட்டணம் சேர்வதால், புறப்படும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய பாலங்களையும் கால்வாய்க் கரைச் சுவர்களையும் செப்பனிடும் வேலை நடப்பதால் டிராம் பாதைகள் அடிக்கடி மாறுகின்றன. 9292 என்னும் செயலியைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது. டிராமிலிருந்து இறங்கியவுடன் நடைபாதைதான் என்று எண்ணிக் காலை வைக்கவும் கூடாது. பல நிறுத்தங்களில் அது சைக்கிள் பாதை. அங்கே சைக்கிள்காரர்தான் ராஜா, அவர் நிறுத்த மாட்டார்.

எந்தச் சீட்டு வாங்கலாம் என்று கேட்டால், நாளுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் ஏறி இறங்குகிறவர்கள் ஜி.வி.பி.யின் பல நாள் சீட்டையும், என்னைப் போல வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஒரே ஒரு அட்டையையும் வைத்துக்கொள்ளலாம். அட்டையோடு போனைக் கலக்க வேண்டாம்.

அடுத்த ஏப்ரலில் அம்மா தங்கை வீட்டுக்குப் போகிறார். அவருக்கு ஏழு நாள் சீட்டே போதும் என்று முடிவு செய்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் பழைய ரேஷன் கார்டை வைத்து ஒத்திகை பார்த்தோம். ஏறுவதற்கு ஒருமுறை கதவு நிலையில் காட்டினார், பிறகு கார்டைச் சுருக்குப்பையில் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார். இறங்கும்போதும் காட்ட வேண்டும் என்றேன். “ஏறையில காட்டறது சரி சாமி. எறங்கிப் போறவங்களையும் எதுக்கு நிறுத்தி வெச்சுக் கேக்கறாங்க?” என்றார். கிலோமீட்டர் கணக்கைச் சொன்னேன். சுருக்குப்பையை அவிழ்த்துக்கொண்டே, மகளிடமே கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.