பீச் காப்ளர்: எட்டுக் கோடைகளின் அனுபவம்

முதல் தடவை செய்த காப்ளர் (பழத்தின் மேல் மாவு வைத்து ஓவனில் சுடும் இனிப்பு) பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மேலே நல்ல பொன்னிறம். ஓரங்களில் பழச்சாறு பொங்கி வழிந்து, பாகாகி ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டோ எல்லாம் எடுத்து முடித்து, மேலே வெந்திருந்த மாவு உருண்டை, அதாவது பிஸ்கட், ஒன்றைக் கரண்டியால் கிளப்பித் திருப்பினேன். அடியில் அரை அங்குலத்துக்கு வெள்ளை வெளேரென்று பச்சை மாவு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா பக்கம் நாங்கள் குடிவந்த புதிது, 2018 ஜூலை. அன்று மேல் ஓட்டை மட்டும் சுரண்டிச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் குறைந்தது நாலைந்து தடவையாவது செய்திருக்கிறேன். செய்முறை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலானவை பழத்தைத் தட்டில் கொட்டி, மேலே மாவை வைத்து, ஓவனில் தள்ளிவிடச் சொல்லும். எட்டு வருடத்தில் நான் மாற்றியதில் முக்கியமானது அந்த ஒரு வரிதான்.

நம் ஊரில் பிஸ்கட் என்றால் டீயில் தோய்க்கும் மேரி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிஸ்கட் என்பது வெண்ணெயும் மோரும் சேர்த்துச் செய்யும், ஈஸ்ட் போடாத, மெத்தென்ற சின்ன ரொட்டி. அந்த மாவைப் பழத்தின் மேல் வைத்துச் சுட்டால் காப்ளர். (ஆங்கிலத்தில் காப்ளர் என்றால் செருப்புத் தைப்பவர், அந்தப் பெயர் ஏன் இதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். காப்ள்ஸ்டோன் என்னும் உருண்டைக் கல் பாவிய தெரு மாதிரி மேடுபள்ளமாக இருப்பதால் என்று ஒரு விளக்கம் உண்டு.) ஆனால் ஜார்ஜியாவிலேயே எல்லா வீட்டிலும் இப்படிச் செய்வதில்லை. வெண்ணெயைத் தட்டில் உருக்கி, தோசை மாவு போல ஒரு கரைசலை ஊற்றி, அதன் மேல் பழத்தைப் போடுவார்கள். வேகவேக மாவு மேலே எழும்பிவரும். இன்னும் சிலர் பை (pie) என்னும் பண்டத்துக்குப் பிசையும் மாவை நீளநீளமாக வெட்டிப் பின்னிவிடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா என்னுடையதைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் இது காப்ளர் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடையது பை மாவுக் கட்சி. எனக்கு பிஸ்கட்தான் பிடிக்கும். மேலே மொறுமொறு, நடுவில் பஞ்சு, அடியில் சாறு ஊறிய பாகம் என்று ஒரே வாயில் மூன்றும் கிடைக்கிறது.

பழத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜார்ஜியாவுக்கு பீச் மாநிலம் என்று பெயர், வண்டி நம்பர் பலகையிலும் பீச் படம்தான். விளைச்சல் என்னவோ கலிஃபோர்னியாவில்தான் அதிகம், பக்கத்துத் தென் கரோலினாவும் ஜார்ஜியாவை மிஞ்சிவிடும். இங்கே மே நடுவில் பழம் வர ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவரை இருக்கும். முதலில் வருவது கொட்டையோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். ஆசைப்பட்டு அதை வாங்கி காப்ளருக்கு நறுக்க உட்கார்ந்தால் பாதிச் சதை கொட்டையோடு போய்விடும், மீதி கையில் கூழாகிவிடும். ஜூன் பாதிக்கு மேல் கொட்டை தனியாகப் பிரியும் ரகங்கள் வரும். அதுவரை பொறுப்பது நல்லது. ஃபாரஸ்ட் பார்க்கில் இருக்கும் மாநில உழவர் சந்தையில் அரை புஷல் பெட்டி வாங்குவேன், சுமார் 25 பவுண்டு, நம் கணக்கில் 11 கிலோ. நேரம் இருந்தால் ஃபோர்ட் வேலிவரை போய்வருவோம். அந்த ஊர் இருக்கும் மாவட்டத்தின் பெயரே பீச் கவுண்டி. ஜூனில் நடக்கும் பீச் திருவிழாவில் ஒரு பிரம்மாண்டமான காப்ளர் சுட்டு எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

கெட்டியான பழமாக இருந்தால் செய்தித்தாளில் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு நாள் பரப்பிவைப்பேன். தோல் உரிக்க, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு ஐஸ் தண்ணீருக்கு மாற்றச் சொல்வார்கள். மூன்று வருடம் அதைச் செய்தேன். இப்போது தோலோடுதான் நறுக்குகிறேன். வெந்த பிறகு தோல் பெரிதாகத் தெரிவதில்லை, சாறும் நல்ல ரோஜா நிறத்தில் வருகிறது.

2023-ல் ஜார்ஜியா பீச்சே இல்லை என்று சொல்லும் நிலை. பீச் மரத்துக்குக் குளிர்காலத்தில் போதுமான நேரம் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர் வேண்டும். அந்த வருடம் குளிர் போதவில்லை, சீக்கிரம் பூத்த பூவை மார்ச் மாத உறைபனி கருக்கிவிட்டது. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் போயிற்று. உறையவைத்த பீச் பாக்கெட் வாங்கினேன். பனி இளகியதும் ஒரு கப்புக்கு மேல் தண்ணீர்! அதை வடித்து, சின்னப் பாத்திரத்தில் பாதியாகச் சுண்டவைத்து, பழத்திலேயே திரும்ப ஊற்றினேன். ருசி அப்படியே இறங்கிவிட்டது. அதிலிருந்து புதுப் பழத்துக்கும், சாறு அதிகமாக இருந்தால் இதையேதான் செய்கிறேன்.

ஒன்பது அங்குலச் சதுரத் தட்டுக்கு ஏழெட்டுப் பழம், அரை கப் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒன்றரை மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளோர்), ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய். பட்டை போட்டால் எனக்கு எல்லாம் பட்டையாகவே தெரிகிறது, அதனால் விட்டுவிட்டேன். சர்க்கரையை அளந்து கொட்டுவதற்கு முன் ஒரு துண்டுப் பழத்தைத் தின்று பாருங்கள். ஜூலைக் கடைசிப் பழத்துக்கு கால் கப்பே போதும்.

இனி அந்த ஒரு வரி. பழத்தை மட்டும் முதலில் ஓவனில் வையுங்கள். 400 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 200 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேல், 15 முதல் 20 நிமிடம். ஓரத்தில் சாறு தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் வெளியே எடுத்து, சூட்டோடு சூடாக மாவை வைத்துத் திரும்ப உள்ளே தள்ளுங்கள். குளிர்ந்த பழத்தின் மேல் மாவை வைத்தால், மேல்பக்கம் சிவக்கும் நேரத்துக்குள் அடிப்பக்கத்துக்குச் சூடே போய்ச் சேராது. சாறு மட்டும் மாவுக்குள் ஏறும். கொதிக்கும் பழத்தின் மேல் வைத்தால் அடிப்பக்கம் உடனே வேக ஆரம்பிக்கிறது, கிட்டத்தட்ட இட்லி மாதிரி ஆவியில். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கோடை ஆயிற்று.

மாவுக்கு ஒயிட் லில்லி என்ற கம்பெனியின் செல்ஃப் ரைசிங் கோதுமை மாவு. மென்மையான குளிர்காலக் கோதுமை, புரதம் குறைவு, பேக்கிங் பவுடரும் உப்பும் அதிலேயே கலந்திருக்கும். முன்பு சாதா ஆல் பர்பஸ் மாவில் செய்தபோது ரப்பர் மாதிரி இழுத்தது. என் கையும் அதிகமாகப் பிசைந்திருக்கும். அந்த மாவு கிடைக்காவிட்டால் ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு. ஒன்றரை கப் மாவில் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, முக்கால் ஸ்டிக் வெண்ணெய், அதாவது 85 கிராம். வெண்ணெய் கல் மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும். நான் ஃப்ரீசரில் வைத்து, தேங்காய் துருவுவதுபோல் துருவிவிடுகிறேன். விரல் நுனியால் பிசிறினால் புட்டுமாவு பதம் வரும். இடையிடையே பட்டாணி அளவு வெண்ணெய் தெரிந்தால் இன்னும் நல்லது, ஓவனில் அது உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகும் இடங்களில்தான் அடுக்கு விடும்.

மோர் விஷயத்தில் நான் ஏமாந்தது தனிக்கதை. பட்டர்மில்க் என்று எழுதியிருந்ததும் வீட்டுத் தயிரைக் கடைந்து, நம் ஊர் மோராக ஊற்றினேன். மாவு ஓடியது. இங்கே அட்டைப் பெட்டியில் வருவது புளிக்கவைத்த கெட்டிப் பால். அதற்கு நிகர் கட்டித் தயிரில் கொஞ்சம் பால் கலந்தால்தான் வரும், முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவாக. ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று, அவ்வளவுதான். மாவு திட்டுத்திட்டாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்புறம் போண்டாவுக்குக் கிள்ளிப் போடுவதுபோல் பழத்தின் மேல் ஒன்பது இடத்தில் வைப்பேன், நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு. முழுக்க மூடிவிட்டால் ஆவி போக வழியில்லாமல் சொதசொதவென்று ஆகிவிடும். இன்னும் 25 நிமிடம். ஓரத்தில் மட்டும் இல்லாமல் நடுவிலும் சாறு குமிழி விடவேண்டும், இல்லையென்றால் சோள மாவின் பச்சை போகாது. எடுத்ததும் அரை மணி நேரம் யாரையும் தொடவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் சாறு கெட்டியாகிறது.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. படங்களில் இரும்பு வாணலியில் அழகாக இருக்கும். நானும் வாங்கினேன், தோசைக்கல் மாதிரி எண்ணெய் போட்டுப் பழக்கியும் வைத்திருந்தேன். இரண்டே காப்ளரில் பளபளப்பு போய்விட்டது, மறுநாள் மீதியில் இரும்பு வாடை. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைக்கமாட்டோம் என்பது தெரிந்தும் பீச் பழத்தின் புளிப்பு எனக்குத் தோன்றவில்லை. இப்போது பீங்கான் தட்டு.

போன வருடம் அம்மா வந்திருந்தார். கிண்ணத்தில் போட்டு மேலே வெனிலா ஐஸ்கிரீம் வைத்துக் கொடுத்தேன். "என்னடி இது, பணியாரத்தைப் பழக்குழம்புல போட்டாப்ல இருக்கு" என்றார். ஐஸ்கிரீமை ஒதுக்கிவிட்டு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் மீதியை மைக்ரோவேவில் வைக்கப் போனவரைத் தடுத்தேன். பிஸ்கட் துணி மாதிரி ஆகிவிடும். ஓவனில் 350-ல் பத்து நிமிடம் வைத்தால் மேல் ஓடு திரும்ப மொறுமொறுக்கும்.

இன்னும் சரியாக வராத ஒன்று, கூட்டத்துக்குச் செய்வது. அளவை இரட்டிப்பாக்கிப் பெரிய தட்டில் வைத்தால், பழத்தை முன்பே கொதிக்கவைத்தாலும் நடுப்பகுதி பின்தங்குகிறது. போன ஜூலையில் இருபது பேர் வந்திருந்தார்கள். ஓரத்துப் பிஸ்கட் எல்லாம் விருந்தினருக்குப் போயிற்று. நடுவில் இருந்த நான்கை நானும் என் கணவரும் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டு முடித்தோம்.