பழைய துணி வெட்டித் தைக்க வெள்ளை மெஷின் சரிவருமா? எட்டு மாதம் தைத்துப் பார்த்த கணக்கு

புதுத் துணி எடுத்து ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறவர்கள் இதைப் படித்துப் பெரிய பிரயோஜனம் இல்லை. நான் இந்த மெஷினை வாங்கியதே பழையதை வெட்டி வேறொன்றாகத் தைக்கத்தான், எட்டு மாதமாக அதைத் தவிர வேறொன்றும் இதில் தைக்கவும் இல்லை. கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் வீடு. பீரோவுக்கு மேலே இரண்டு மூட்டை எப்போதும் இருக்கும், அது போதாதென்று வளைகுடாவில் இருக்கும் நாத்தனார் ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது "மைனி, இதெல்லாம் பிள்ளைகளுக்கு ஆகுமான்னு பாருங்க" என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். முன்பெல்லாம் பாத்திரக்காரர் வந்தால் மூட்டையைத் தூக்கிக் கொடுத்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்குவோம். ஊதினால் பறக்கிற கிண்ணம். நாலு நல்ல காட்டன் சட்டைக்கு ஒரு கிண்ணமா என்று ஒரு நாள் கோபம் வந்தது, அதில் ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

மெஷினின் பெயரை எழுதவில்லை, எனக்கு வந்த ஒன்றின் குறையை வைத்துக் கம்பெனியைத் திட்ட வேண்டாம். மோட்டார், ஜிக்ஜாக் (ஊசி இடவலமாக ஆடி வளைந்து வளைந்து போடும் தையல்), முன்பக்கம் கீழ்நூல் சுற்றி வைக்கிற பாபின், காலில் மிதிக்கிற சுவிட்ச், ஒரு கையால் தூக்கி மேசையில் வைக்கிற எடை. வெளியே எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக். மார்த்தாண்டத்தில் 12,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே வந்தது. கடையில் புத்தம் புது பாப்ளின் துண்டை இரண்டாக மடித்து ஓட்டிக் காட்டினார்கள். அதில் எந்த மெஷின்தான் தைக்காது? நீங்கள் வாங்கப் போனால் வீட்டிலிருந்து ஒரு பழைய ஜீன்ஸின் கால், தொளதொளத்துப் போன ஒரு பனியன், நைந்த வேட்டித் துண்டு மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

அப்புறம் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று சொன்னார்கள். வீட்டில் இருக்கும் பழைய கறுப்பு மிதி மெஷினைக் கொடுத்தால் 1,500 ரூபாய் குறைப்பார்களாம். அம்மா எனக்குச் சீதனமாகக் கொடுத்தது என்பதால் மனசு வரவில்லை, அவ்வளவுதான் காரணம், அறிவோடு யோசித்து மறுத்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் மறுத்தது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இந்த மெஷினில் எனக்குப் பிடித்தது 14 வகைத் தையலும் இல்லை, விளக்கும் இல்லை. முன்னால் இருக்கும் பெட்டியைப் பக்கவாட்டில் இழுத்தால் கழன்று வந்துவிடும், மீதி ஒரு ஒல்லியான கை மாதிரி நிற்கும். சட்டைக் கை, பேன்ட் கால், கழுத்து எதையும் அதில் வளையல் போல மாட்டிச் சுற்றிச் சுற்றித் தைக்கலாம். புதிதாகத் தைக்கும்போது துணி தட்டையாக இருக்கும், கடைசியில்தான் பக்கத் தையல் போட்டுக் குழாயாக்குவோம். பழைய உடுப்பு வரும்போதே குழாயாகத்தான் வருகிறது. கறுப்பு மெஷினில் ஒரு கையை இரண்டு அங்குலம் குறைக்க, பக்கத் தையலைப் பிரித்து, மடித்து, தைத்து, திரும்பவும் மூட வேண்டும், இல்லையென்றால் துணியைச் சுருட்டிச் சுருட்டி இரண்டு அங்குலம் தைத்து நிறுத்தி, மறுபடி இரண்டு அங்குலம். இதில் பத்து நிமிஷ வேலை. என் வீட்டுக்காரரின் ஏழு முழுக்கைச் சட்டைகளை ஒரே மத்தியானத்தில் அரைக்கை ஆக்கினேன்.

இரண்டாவது பனியன் துணி. நாத்தனார் பெட்டியில் பாதி அதுதான். நேர்த்தையல் போட்டால் தலையை நுழைக்கும்போது நூல் படபடவென்று அறுந்துவிடும், ஜிக்ஜாக் என்றால் இழுத்த இழுப்புக்கு வரும். முதலில் சாதாரண ஊசி வைத்துத் தைத்துவிட்டு, தையல் விட்டு விட்டு விழுகிறதே என்று மெஷினைத்தான் திட்டினேன். கோளாறு ஊசியில். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாக விற்கிறார்கள், அது இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும். மாற்றியதும் சரியாகிவிட்டது. ஊசி மாட்டும்போது தட்டைப் பக்கம் பின்னால் பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு ஊசியை உடைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இனி மற்றது. மகனின் பழைய ஜீன்ஸில் பை தைக்க உட்கார்ந்தேன். சாதாரண இடத்தில் ஓடியது, பக்கத் தையலின் மடிப்பு மேட்டில் ஏறும்போது மோட்டார் முனகியது, லேசாக ஒரு கருகல் வாசனை, டக் என்று ஊசி போயிற்று. கனத்த துணிக்கான 16 நம்பர் ஊசிதான் வைத்திருந்தேன். அதன் பிறகு மேட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்துக்குப் பின்னால் அதே கனத்தில் மடித்த ஒரு ஜீன்ஸ் துண்டை முட்டுக் கொடுத்து, அந்த நாலு தையலை மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்து பார்த்தேன். நடக்கிறது. ஆனால் பைக்கு நாலு மூலை, ஒவ்வொரு மூலைக்கும் இந்தச் சடங்கா? மீதியைக் கறுப்பு மெஷினில் போட்டேன், அது மாடு மேடேறுகிற மாதிரி நிதானமாக ஏறி இறங்கியது.

அந்த ஊசி உடைந்த நாளில் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது, கீழ்நூலைப் பிடிக்கவே இல்லை. சர்வீஸுக்குப் போன் செய்தால்தான் எல்லையில் இருப்பதன் அருமை தெரியும். பஸ் ஏறினால் திருவனந்தபுரத்தில் அவர்களுக்கே சர்வீஸ் சென்டர் இருக்கிறது, ஆனால் என் பின்கோடு தமிழ்நாடு, ஆகவே ஆள் திருநெல்வேலியிலிருந்துதான் வருவாராம். நானே திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் வாரண்டி அங்கே செல்லாதாம். பதினொரு நாள் கழித்து வந்தார், இருபது நிமிஷத்தில் டைமிங் (ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியும் சேரும் நேரம்) சரி செய்துவிட்டுப் போனார், நல்ல மனிதர். அந்தப் பதினொரு நாளும் ஜூன் மழை, பாதி நேரம் கரண்டும் இல்லை, மிதி மெஷின் மட்டும் ஜன்னல் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ரப்பர் தோட்டம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாமனார் பால்வெட்டப் போகும் சட்டைகளைத் தயவுசெய்து எந்த மெஷினிலும் வைக்காதீர்கள். ரப்பர் பால் காய்ந்த கறை எந்த வெளுப்பிலும் போகாது, அது போகட்டும், ஊசி அந்த இடத்தில் இறங்கினால் பிசுக்கு ஒட்டி நூல் அறுந்துகொண்டே இருக்கும். கறையைச் சுற்றி வெட்டி முதுகுப் பக்கத்தை மட்டும் எடுங்கள், முதுகுதான் எந்தச் சட்டையிலும் கடைசியில் நைவது. அக்குள், காலர், முழங்கை மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வெட்டினால் பாதி ஏமாற்றம் குறையும். மாமனாரின் கறை படாத ஒரு கோடு போட்ட சட்டையில் சின்னவளுக்கு ஒரு கவுன் தைத்தேன், முன்பக்கப் பட்டன் பட்டியை அப்படியே முதுகுப் பக்கம் திருப்பிவிட்டேன், காஜா அடிக்கிற வேலையே இல்லை. இந்த மெஷின் போடும் காஜா பழைய மெல்லிய துணியில் சுருங்கித்தான் வருகிறது. அடியில் ஒரு காகிதம் வைத்துத் தைத்துக் கிழித்தெடுத்தால் சற்று மேல்.

பிரிக்கிற வேலைக்கு மெஷினோடு ஒரு சின்னப் பிரிப்பான் வரும், ஒரு மாதத்தில் மழுங்கிவிட்டது, நான் பிளேடுக்கே திரும்பிவிட்டேன். ஜீன்ஸின் அடி மடிப்பு பெரும்பாலும் சங்கிலித் தையல். அரிசிச் சாக்கின் வாய் மாதிரிதான், சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே இழுப்பில் வந்துவிடும், தப்பான முனை என்றால் சாயங்காலம் வரை உட்கார வேண்டியதுதான்.

இப்போது அந்த முண்டுக் கதை. மாமியாரிடம் அவர் கல்யாணத்துக்கு எடுத்த செட் முண்டு (கேரளப் பெண்கள் உடுத்தும், கரை வைத்த இரண்டு துண்டு உடுப்பு) ஒன்று இருந்தது, பலராமபுரம் கைத்தறி. (அங்கே ஆதியில் தறி போட்டவர்கள் பலராம வர்மா மகாராஜா காலத்தில் நம்ம வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து போன சாலியர்கள் என்று மாமனார் யார் வந்தாலும் சொல்வார்.) மழைக்காலப் பூஞ்சை மடிப்பு ஓரமாகக் கரும்புள்ளி வைத்துவிட்டது, உடுத்த முடியாது, கரை மட்டும் அப்படியே இருந்தது. மூத்தவளுக்குப் பாவாடை தைக்கலாம் என்றேன். "எனக்க கல்யாண முண்டு மக்ளே, கத்திரி வைக்கும் முன்னே ஒரு தடவை யோசிச்சுக்கோ" என்றார். ஒரு வாரம் யோசித்தேன். அவரேதான் ஒரு நாள் மடித்துக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார்.

வெள்ளை மெஷினில் முதல் தையலிலேயே துணியை உள்ளே விழுங்கிவிட்டது. ஜிக்ஜாக் மெஷினின் தகட்டில் ஊசி இரண்டு பக்கமும் ஆடுவதற்காகத் துளை அகலமாக இருக்கும், நைந்த மெல்லிய துணியின் ஓரத்தை ஊசி அதற்குள்ளே தள்ளிவிடுகிறது. பிளேடால் அறுத்து எடுத்தபோது ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. அடுப்படியிலிருந்து மாமியார் "என்னாச்சு?" என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். மெல்லிய துணிக்கான புது 11 நம்பர் ஊசி, இரண்டு நூல் முனையையும் பின்னால் பிடித்துக்கொள்வது, வேறொரு துண்டுத் துணியில் தொடங்கி அப்படியே நல்ல துணிக்குள் ஓட்டுவது, இதெல்லாம் செய்தால் குறையும். நான் துணியை எடுத்துக்கொண்டு நேராகக் கறுப்பு மெஷினுக்குப் போய்விட்டேன். அதற்குச் சின்ன உருண்டைத் துளை, விழுங்க இடமில்லை. தையல் நீளத்தைக் கூட்டினேன், பழைய துணியில் பொடித் தையல் போட்டால் ரசீதுப் புத்தகத்தில் கிழிக்கிற கோடு மாதிரி ஆகி அந்த வழியே கிழியும். ஒரு கரை பாவாடையின் அடியில், இன்னொரு கரையை வெட்டி ரவிக்கையின் கையில். லைனிங் புதுத் துணி, அதை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைத்துத்தான் சேர்த்தேன். முண்டு சுருங்க வேண்டியதெல்லாம் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே சுருங்கிவிட்டது, லைனிங் இனிமேல்தான் சுருங்கும்.

ஆக என் மதிப்பெண்: பனியன் துணிக்கும் குழாய் வேலைக்கும் ஐந்துக்கு நாலரை. ஜீன்ஸுக்கு இரண்டு. நைந்த பழம்புடவை, வேட்டி, முண்டு வகைக்கு ஒன்றரை. சர்வீஸுக்குப் போடவில்லை, போட்டால் வந்த மனிதருக்கு அநியாயம் ஆகிவிடும். வீட்டில் மிதி மெஷின் இருந்து, மூட்டையில் டி-ஷர்ட்டும் லெக்கின்ஸும் நிறைய என்றால் வாங்குங்கள். மிதி மெஷினைக் கொடுத்துவிட்டு இதை வாங்காதீர்கள், 1,500 இல்லை 5,000 குறைத்தாலும் வேண்டாம். வீட்டில் மெஷினே இல்லாதவர்கள், மூட்டையில் எல்லாம் காட்டனும் ஜீன்ஸும் என்றால், முதலில் பழைய கறுப்பு மெஷின் ஒன்று விலைக்கு வருகிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். துருப்பிடித்ததாக இருந்தாலும் சக்கரம் சுற்றினால் போதும், மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துத் துடைத்து, மெஷின் எண்ணெய் போட்டால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

அந்த ஓட்டை பாவாடையின் இடுப்புப் பட்டிக்குள்ளே போய்விட்டது. மாமியாரிடம் இன்னொரு செட் முண்டு இருக்கிறது, பச்சைக் கரை. அதைப் பற்றி நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.