பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு ஏற்ற ஸ்பிளிட்டர்

தொலைபேசியும் பிராட்பேண்டும் ஒரே செம்புக் கம்பியில் வரும் வீடுகளில், மணி அடித்ததும் இணையம் அறுந்துபோனால் பலரும் ரௌட்டரையே மாற்றிவிடுகிறார்கள். தொலைபேசியைக் கம்பியிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கும்போது, ரௌட்டரில் இணைய இணைப்பைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கு அணையாமல் எரிந்தால், பெரும்பாலும் பழுது தொலைபேசியிலோ, தொலைபேசிக்கும் இணையத்துக்கும் கம்பியைப் பிரித்துத் தரும் சிறு பெட்டியான ஸ்பிளிட்டரிலோ, வீட்டு வயரிங்கிலோதான் இருக்கும். எங்கள் வீட்டில் ஸ்பிளிட்டர்தான் காரணம் என்று தெரிந்ததால், மின்சாதனக் கடையில் புதிதாக ஒன்றை வாங்கினேன்.

குரல் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலும், ஏடிஎஸ்எல் எனப்படும் செம்புக் கம்பி பிராட்பேண்டின் தரவு ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் அந்தக் கம்பியில் செல்கின்றன. தரவு அலைகள் தொலைபேசிக்குள் போகாமலும், தொலைபேசியின் இரைச்சல் தரவைக் கெடுக்காமலும் பார்த்துக்கொள்வது ஸ்பிளிட்டரின் வேலை. வாங்கியதன் மூடியைத் திறந்து பார்த்தபோது, சிறிய சர்க்யூட் பலகையில் செம்புச் சுருள்களும் மின்தேக்கிகளும் ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. அதே கடையில் இன்னும் மலிவாகக் கிடைத்த மற்றொன்றின் உள்ளே வெறும் கம்பிகளே நேருக்கு நேர் இணைக்கப்பட்டிருந்தன. அது இணைப்பைப் பிரிக்குமே தவிர எதையும் வடிகட்டாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், கடைக்காரரிடம் திறந்து காட்டச் சொல்லி வாங்குவதே நல்லது.

இதை மாட்டிய பிறகு, அழைப்பு வரும்போதும் விளக்கு மினுங்குவதில்லை. பேசும்போது காதில் கேட்ட சீறல் ஒலியும் நின்றுவிட்டது. குறைகளும் உண்டு. லைன், போன், மோடம் என்ற எழுத்துகள் பிளாஸ்டிக்கின் நிறத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதால் டார்ச் அடித்தால்தான் தெரிகின்றன. மாடியறையில் இன்னொரு தொலைபேசி வைத்திருப்பவர்கள், கம்பி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முன்பே ஸ்பிளிட்டரைப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனித்தனி ஃபில்டர் வேண்டும் என்ற அவசியமான தகவல், பெட்டியில் எங்குமே இல்லை.

டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிந்தும், கார்ட்லெஸ் தொலைபேசியில் பேசும்போது மட்டும் வைஃபை தடுமாறினால், அதற்கு ஸ்பிளிட்டர் மருந்தாகாது. தொலைபேசியும் ரௌட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதுகின்றனவா என்று பார்த்து, சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுவது இன்னும் நல்லது. ஃபைபர் இணைப்புக்கு மாறியவர்களுக்கு ஸ்பிளிட்டரே தேவையில்லை. தொலைபேசியை, ஃபைபர் வீட்டுக்குள் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் அதற்கென உள்ள துளையில் செருகினால் போதும்.